போனுக்குக் காசு கொடுக்கும் முன் டவரைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் செல்போன் டவர் பராமரிப்பு வேலை. பேச்சிப்பாறை ரோட்டிலிருந்து அருமனை, களியக்காவிளை வரை ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் பேட்டரி மாற்றுவதுமாக அலைந்தவன். அதனால் யார் வந்து போனைப் பற்றிக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது டவர்தான்.

கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, விலை குறைஞ்ச போன் ஒண்ணு எடுத்தா போதுமா, இல்ல கொஞ்சம் கூடப் போட்டு 5ஜி எடுக்கவா? நெட்டு பறக்கும்னு சொல்றாங்களே." பறக்கும், ஆனால் எங்கே? மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நின்றால் பறக்கலாம். மணலோடையில் உங்கள் வீட்டு அடுக்களையில் பறக்குமா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். கடைக்காரன் சொல்லக் கூடாத பதில் என்று என் மனைவிக்கு வருத்தம்.

முதலில் வீட்டுக்குள் ஒரு சோதனை

5ஜி போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையனையோ தங்கை மாப்பிள்ளையையோ ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் கம்பெனி சிம்மே அவர் போனிலும் இருக்க வேண்டும், 5ஜி அனுமதிக்கும் ரீசார்ஜும் போட்டிருக்க வேண்டும். நீங்கள் வழக்கமாகப் போன் பார்க்கும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள். முற்றத்தில் நிற்க வைத்துச் சோதித்தால் அது முற்றத்துக்கான விடை. நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக்கு எந்த டவரும் நல்ல டவர்தான். ராத்திரி எட்டரைக்கு மேல் ஊரே ரீல்ஸும் சீரியலும் பார்க்கிறதே, அந்த நேரத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலி இருக்கிறது, அது போதும். அதே இடத்தில், அதே நேரத்தில் உங்கள் பழைய 4ஜி போனிலும் அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

வேகத்தோடு இன்னொரு எண்ணும் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் அழைப்புத் திரையில் *#*#4636#*#* என்று அடித்தால் போன் தகவல் பக்கம் திறக்கும். அதில் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 80, 85 என்றால் அருமை. மைனஸ் 100 என்றால் காலம் தள்ளலாம். மைனஸ் 110ஐத் தாண்டிவிட்டால் எந்த விலைக்குப் போன் வாங்கினாலும் அந்த மூலையில் உருப்படாது. சில போன்களில் இந்தப் பக்கம் திறக்காது. அப்போது நெட்மான்ஸ்டர் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அலைவரிசையில் நிற்கிறீர்கள் என்பதையும் அது சொல்லிவிடும்.

திரை ஓரத்தில் தெரியும் சிக்னல் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் துளைக்கும். ஆனால் அதில் கம்பெனிகளிடம் இருக்கும் பாதையின் அகலம் குறைவு. கோடு முழுசாக நிற்கும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். "நாலு கோடு இருக்கே, போன்தான் கோளாறு" என்று சொல்லி நல்ல போனைக் கொண்டு வந்து கொடுப்பவர்கள் ஏராளம்.

ரப்பரும் ஷீட்டும் செய்யும் வேலை

5ஜி என்ற எழுத்து ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருப்பது வேறு வேறு. நாம் கேள்விப்படும் பெரிய வேகமெல்லாம் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடும் என்78 அலைவரிசையில் வருவது. 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் எல்லாத் தொலைத்தொடர்பு வட்டங்களிலும் அதில் ஆளுக்குக் குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கின. அகலமான பாதை, அதனால் வேகம். ஆனால் அந்த அலை தூரம் போகாது. கான்கிரீட் சுவர் ஒன்று தடுத்தால் தளர்ந்துவிடும், இரண்டு என்றால் விழுந்துவிடும். ஜியோவிடம் இதைத் தவிர 700 மெகாஹெர்ட்ஸும் உண்டு, என்28 என்பார்கள். அது தூரம் போகும், வீட்டுக்குள்ளும் வரும். ஆனால் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான். போனில் 5ஜி என்று காட்டும், வேகமோ நல்ல 4ஜி அளவுக்குத்தான் இருக்கும். அந்தப் பையனின் போனில் 5ஜி காட்டியது என்பதோடு நிறுத்தாமல் வேகத்தையும் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம் மாவட்டத்தில் இதற்கு மேல் சில சங்கதிகள் உண்டு. மழைக்காக மொட்டை மாடிக்கு மேல் தகர ஷீட் அடிக்காத வீடு இப்போது குறைவு. மேட்டில் இருக்கும் டவரிலிருந்து வரும் அலையை அந்த ஷீட் திருப்பி அனுப்பிவிடும். மாடி அறையில் கிடைக்காத சிக்னல் கீழே வராந்தாவில் கிடைப்பது இதனால்தான். அப்புறம் ரப்பர். இலை அலையைத் தின்னும், நனைந்த இலை இன்னும் கூடுதலாகத் தின்னும், அலைவரிசை உயர உயரத் தின்பதும் கூடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும்போது சோதித்துவிட்டு "சூப்பரா கிடைக்குது" என்று போன் எடுத்தால், ஜூன் மழையில் கதை மாறும். தோட்டத்துக்கு நடுவே வீடு உள்ளவர்கள் மழைக்காலத்தில் சோதித்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.

டவரில் வேலை பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். பெரும்பாலான டவர்களில் ஆன்டெனா மூன்று பக்கம் பார்த்து நிற்கும். அந்த முகங்கள் ரோட்டையும் சந்திப்பையும் பார்க்கும்படி வைப்பார்கள், ஆள் அங்கேதான் அதிகம். டவர் கண்ணெதிரே இருந்தும் நெட் மோசம் என்று புலம்புகிற வீடுகள் பெரும்பாலும் இரண்டு முகங்களுக்கு நடுவில் மாட்டியவை. இன்னொன்று, அந்த டவருக்கே நெட் எப்படி வருகிறது என்பது. ஃபைபர் கேபிள் வந்திருந்தால் கவலையில்லை. வட்ட டிஷ் வைத்து இன்னொரு டவரிலிருந்து வாங்கிக் கொடுத்தால் நெரிசல் நேரத்தில் திணறும். உங்கள் ஊரைச் சுற்றி எந்தக் கம்பெனிக்கு எங்கே டவர், அதில் என்ன தொழில்நுட்பம் என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் வரைபடமாகப் பார்க்கலாம். கம்பெனிகளும் தங்கள் தளத்தில் வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதில் ஊர் முழுக்க வண்ணம் பூசியிருக்கும். ஊருக்கு வண்ணம் இருக்கலாம், உங்கள் அடுக்களைக்கு இருக்காது.

உங்களுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்

ஜிபே, போன்பே வேலைக்கு வேகம் ஒரு பொருட்டே கிடையாது, தடையில்லாமல் இருந்தால் போதும். துபாயில் இருக்கும் மகனோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) போதும். தெளிவான 1080 வீடியோவுக்கு ஐந்து. ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் 4ஜி போனில் நிலையாகப் பத்து வருகிறது என்றால், ஆறு அங்குலச் சொச்சத் திரையில் இருநூறு வந்தாலும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 4ஜியில் ஒன்று, இரண்டு என்று முக்கி, அதே இடத்தில் 5ஜியில் முப்பதுக்கு மேல் வருகிறதா? அப்போது கூடுதல் காசு போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ரீசார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது, வரம்பில்லாத 5ஜி என்பது தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஜியோவில் அப்போது தினம் 1.5 ஜிபி திட்டம் 28 நாளுக்கு 299, 2 ஜிபி திட்டம் 349. வித்தியாசம் 50. வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ், ஆக 650 ரூபாய். மூன்று வருஷம் போன் வைத்திருந்தால் 1950. போன் விலையில் ஒரு மூவாயிரம் கூடுதல் என்று வைத்தால், 5ஜிக்கு நீங்கள் கொடுப்பது ஐயாயிரம். போன் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாயிரம் கண்ணில் படுவதில்லை. இதில் ஒரு கண்ணியும் உண்டு. வரம்பில்லாதது 5ஜியில் நிற்கும் நேரத்துக்கு மட்டும். போன் 4ஜிக்கு இறங்கியதும் அன்றைய 2 ஜிபியிலிருந்து குறையத் தொடங்கும். சிக்னல் ஊசலாடும் வீட்டில் "அன்லிமிடெட்தானே" என்று பிள்ளைகள் படம் பார்த்தால் ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்துவிடும்.

ஆளுக்கொரு போனும் ஒரு டிவியும் உள்ள வீடு என்றால் நான் வேறு வழி சொல்வேன். விலை குறைந்த போன்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஃபைபர் இழுத்துவிடுங்கள். 399 ரூபாய் திட்டத்துக்கு 18 சதவீத வரி சேர்த்தால் மாதம் 471. அதில் 30 எம்பிபிஎஸ் வரும். அது மழையிலும் ரப்பருக்குள்ளும் ஒரே மாதிரி வரும், கேபிள் மீது மரம் விழாத வரைக்கும்.

பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

விலை குறைந்த போனில் நான் முதலில் பார்ப்பது கேமராவை அல்ல, பூட்டை. எந்தக் கம்பெனி சிம்மும் ஏற்கும் போன்தான் நம் மாவட்டத்துக்குச் சரி. குழித்துறையில் நன்றாகக் கிடைக்கும் கம்பெனி கோதையாற்றில் கிடைக்காது, முட்டத்தில் வேறொன்று முந்தும். டவர் மாறும்போது சிம்மை மாற்ற முடியாத போன் என்ன விலைக்குக் கிடைத்தாலும் மலிவு கிடையாது.

நம் நாட்டுக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. ஆனாலும் விதிவிலக்கு உண்டு. 2023இல் போக்கோ சி51 போனின் ஏர்டெல் பதிப்பு 5,999 ரூபாய்க்கு வந்தது. விலை குறைவு, ஆனால் 18 மாதம் ஏர்டெல் சிம் மட்டும்தான். ஜியோபோனும் ஜியோபாரத்தும் ஜியோ சிம்முக்கே உரியவை. அடுத்தது தவணைப் பூட்டு. மாதத் தவணை கட்டவில்லை என்றால் நிதிக் கம்பெனி தூரத்திலிருந்தே போனை முடக்கும் செயலி உள்ளே இருக்கலாம். பழைய போன் வாங்கும்போது இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். விற்றவன் பணத்தோடு போய்விடுவான், அடுத்த மாதம் போன் கல்லாகிவிடும். தவணை முடிந்ததற்கான சான்று கேளுங்கள். மூன்றாவது கூகுள் கணக்குப் பூட்டு. விற்பவர் தன் கணக்கை எடுத்துவிட்டு, உங்கள் முன்னாலேயே போனை அழித்துப் புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும்.

பழைய போன் என்றால் *#06# அடித்து போனின் அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டுப் போன் என்று முடக்கியதோ, போலி எண்ணோ என்றால் அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு முகம் சுளிக்கிற விற்பனையாளரிடம் சாயா கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்ஃபிலிருந்து வரும் போன்

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மாவட்டம் இது, அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வாங்கும் சாம்சங் போன்கள் பலவற்றில் பிராந்தியப் பூட்டு இருக்கும். அட்டையிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பகுதி சிம் ஒன்றைப் போட்டு மொத்தமாக ஐந்து நிமிடமாவது பேசியபின்தான் வேறு நாட்டு சிம்மை ஏற்கும். பெட்டி கூடப் பிரிக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுப்பார்கள், நம்மூர் சிம் போட்டால் ஏற்காது. விமானம் ஏறும் முன் அங்கேயே பிரித்து, யாரோடாவது ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வருவது கம்பெனிப் பூட்டோடு இருக்கலாம். ஐபோனில் அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரி இருக்கும், சிம் கட்டுப்பாடு இல்லை என்று அங்கே காட்ட வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். ஐபோன் 17இல் சவூதி, அமீரகம், குவைத், கத்தார் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

பூட்டு இல்லை என்றாலும் வெளிநாட்டுப் போனில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு போகும் வசதி, வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை. வோல்ட்இ இல்லாத போனில் நெட் ஓடும், சாதாரண அழைப்பு போகாது.

பெட்டியில் படிக்க வேண்டிய வரி

விலை குறைந்த 5ஜி போனில் ஒரு நுணுக்கம். ஜியோ தன் 5ஜியைத் தனித்து நிற்கும் எஸ்ஏ முறையில் கொண்டுவந்தது. ஏர்டெல் தொடங்கியது 4ஜி மேல் சாய்ந்து நிற்கும் என்எஸ்ஏ முறையில். 2024 கடைசியில் வந்த ரெட்மி ஏ4 5ஜி, போக்கோ சி75 5ஜி இரண்டும் எஸ்ஏ மட்டும் தெரிந்தவை. பெட்டியில் 5ஜி என்று பெரிதாக இருக்கும், என்எஸ்ஏ மட்டும் உள்ள இடத்தில் ஏர்டெல் சிம் போட்டால் அது 4ஜி போன்தான். ஆகவே எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் எழுதியிருக்கிறதா, என்28, என்78 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் 4ஜி பட்டியலில் பேண்டு 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுடைய 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 700 தெரியாத பழைய போன்கள் நிறைய இருக்கின்றன.

நெட் மெதுவாக இருக்கிறது என்று கொண்டு வரும் போன்களில் பாதிக்கு நெட்டில் ஒன்றும் இல்லை. 4 ஜிபி ராம், நிரம்பி வழியும் இஎம்எம்சி என்ற மெதுவான வகைச் சேமிப்பு, அதனால் செயலி திறக்கவே நேரமெடுக்கும். பத்தாயிரத்துக்குள் நிற்க வேண்டிய கட்டாயம் என்றால், 5ஜி எழுத்துள்ள 4 ஜிபி போனை விட 6 ஜிபி ராமும் யுஎஃப்எஸ் என்ற வேகமான சேமிப்பும் உள்ள 4ஜி போன் நம் மலையோரத்தில் அதிக நாள் உழைக்கும். இது என் அபிப்பிராயம், கம்பெனிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள்.

யாருக்கு எது

நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு 5ஜி எடுத்துக் கொடுங்கள். ஃபைபர் கிடையாது, ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடும், நகரத்தில் அலை கிடைக்கும். மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்புகிறவருக்கும் அதுவே. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு டார்ச், பெரிய பேட்டரி, பூட்டில்லாத இரண்டு சிம், இது போதும். ஒரு சிம் வீட்டில் கிடைப்பதாகவும் இன்னொன்று தோட்டத்தில் கிடைப்பதாகவும் இருக்கட்டும். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குக் கரை மறைந்தபின் 4ஜியும் ஒன்றுதான், 5ஜியும் ஒன்றுதான். ஓகிப் புயலுக்குப் பிறகு நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போனில் மிச்சம் பிடிக்கிற காசைப் படகின் தொடர்புக் கருவிக்குப் போடுங்கள்.

கம்பெனி மாற நினைப்பவர்கள் உடனே தங்கள் எண்ணைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட வேண்டாம். புதுக் கம்பெனியின் சிம் ஒன்றை இரண்டாவது சிம்மாகப் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். பிடித்தால் மட்டும் ஆங்கிலத்தில் போர்ட், இடைவெளி, உங்கள் எண், இதை 1900க்கு அனுப்புங்கள். வரும் குறியீடு நான்கு நாள்தான் செல்லும்.

5ஜி எடுத்தபின் வீட்டில் அது வந்து வந்து போகிறது, பேட்டரி மத்தியானமே இறங்குகிறது என்றால், அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க், விருப்ப நெட்வொர்க் வகை என்று போய் 4ஜி என வைத்துவிடுங்கள். டவுனுக்குப் போகும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம். இதற்குக் கடைக்கு வர வேண்டாம், நான் காசு வாங்குவதும் இல்லை.